பாழ்நிலமும் பசுங்கொடியும்

காஞ்சி நகரினின்று மேற்கே பெங்களூருக்குச் செல்லும் பெருவழியின் மருங்கில் உள்ளது எமது ஊராகிய தாமல். பண்டைத் தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாக வகுக்கப்பெற்றிருந்த காலத்தில், அவற்றுள் ஒரு கோட்டத்திற்குப் பெயர் தந்த பழமை அதற்கு உண்டு. பேரேரியும் பழங்கோயில்களும் தறியோசையும் அதன் அடையாளங்கள். ஏரிக்கு அப்பால் எம் பாட்டனார்க்கு உரிய சிறு புன்செய் ஒன்று பல்லாண்டுகளாகத் தரிசாய்க் கிடந்தது. சென்ற கோடை விடுமுறையில் யான் ஆங்குச் சென்றபோது, அந்நிலத்துக் கிணற்றின் கீழ்புறச் சுவர் சரிந்து, கற்களெல்லாம் அடியிற் குவிந்து கிடக்கக் கண்டேன். அச்சுவர் சுண்ணச் சாந்தும் சிமெண்டும் இன்றிக் கல்லின்மேற் கல்லை அடுக்கியே எழுப்பப்பெற்றது. "இதனை மீண்டும் அடுக்க வல்லவர் யார், தாத்தா?" என்று வினவினேன். பாட்டனார் நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு முதியவரைக் குறிப்பிட்டார்.

அவ்வினாவையே ஒரு மலை முழுதும் கேட்டு நிற்கும் நாடொன்று உண்டு என்பதனைப் பின்னர்க் கல்லூரி நூல்நிலையத்திற் படித்தறிந்தேன். இத்தாலி நாட்டின் மேலைக் கடற்கரையில், கைவிடப்பட்ட படிநிலங்களைக் கல் கல்லாக மீட்டுத் திராட்சத் தோட்டங்களாக்கும் முயற்சி நடைபெற்று வருகின்றது. பண்பட்ட நிலம் எவ்வாறு பாழாகின்றது, அதனை மீட்கப் புகுவார் முதற்கண் செய்யத்தக்கது யாது, இறுதிக்கண் செய்யத்தக்கது யாது என்பவற்றை அந்நிலத்தையும் நம் நாட்டு நிலங்கள் இரண்டனையும் கொண்டு ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தாலியின் வடமேற்கே லிகூரியா என்னும் பகுதியில் மலை நேரே கடலில் இறங்குகின்றது. ஆங்கு மொந்தரோசோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமச்சோரே என ஐந்து சிற்றூர்கள் கடலோரப் பாறைகளின்மேல் அமைந்துள்ளன. இவ்வைந்தும் சேர்ந்து 'சிங்குவே தெர்ரே' எனப்படும். தமிழிற் பெயர்த்தால் 'ஐந்நிலம்' என்பதே அதன் பொருள். தொல்காப்பியம் பயிலும் எம்போல்வார்க்கு அப்பெயர் சிறுநகை விளைக்கும். என்னை? ஆங்கு முல்லையும் மருதமும் காண்டற்கில்லை. குறிஞ்சியும் நெய்தலுமே இடையில் ஒரு வயலுக்கும் இடம் விடாமல் ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. ஏர் பூட்ட இடமில்லை. கோதுமை விதைக்கச் சமநிலமில்லை. இத்தகைய இடத்தில் வாழப் புகுந்த மக்கள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக மலையைச் சிறிது சிறிதாக வெட்டி, வெட்டிய கல்லைக் கொண்டே சுவர் எழுப்பி, சுவரின் பின்னே மண்ணை நிரப்பி, ஏணிப்படி போன்ற வயல்களை உண்டாக்கினர். கடலில் நின்று நோக்குவார்க்கு அம்மலைச்சரிவு மடிப்பு மடிப்பாக வைத்த சேலை போலத் தோன்றும். அப்படிகளிலே திராட்சையும் ஒலிவமும் பயிராயின.

அச்சுவர்களின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். ஏனைய யாவும் அவற்றின்மேல் நிற்பன ஆதலின். சாந்து பூசாத அக்கற்சுவர் பார்வைக்கு எளியது. அமைப்பில் நுட்பம் வாய்ந்தது. மண்ணை அகழ்ந்து உறுதியான அடித்தளம் காணுமளவும் சென்று, ஆங்குப் பெருங்கற்களை இடுவர். மேல்வரிசைக் கல் ஒவ்வொன்றும் கீழ்வரிசையின் இரு கற்கள் கூடும் இடத்தின்மேல் அமரும். இணைப்பின்மேல் இணைப்பு வருமாயின் சுவர் அவ்வழியே பிளக்கும். இடையிடையே நீண்ட கற்களைக் குறுக்கே புகுத்தி முகப்பையும் உட்புறத்தையும் பிணைப்பர். சுவர் செங்குத்தாக நில்லாமல் மலைப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். முகப்புக் கற்களுக்குப் பின்னே சிறு கற்களை நிரப்பி, அவற்றின் பின்னரே மண்ணை இடுவர். சேலையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து, ஊடைதோறும் ஒன்றை மற்றொன்றோடு பிணைத்துச் செல்லும் காஞ்சிக் 'கோர்வை' நெசவை அறிந்தார்க்கு இப்பிணைப்பு எளிதில் விளங்கும். இரண்டும் பசையால் ஒட்டப்பட்டன அல்ல. ஒன்றையொன்று பற்றி நிற்றலினாலேயே உறுதி பெற்றன.

இங்ஙனம் சாந்தின்றி அடுக்குதற்குக் காரணம் வறுமை மட்டும் அன்று. பெருமழை பெய்யுங்கால் மண் நீரை உண்டு கனக்கும். அந்நீர் வெளியேற வழியில்லையாயின், அதன் அழுத்தம் சுவரை வெளியே தள்ளும். சாந்து பூசிய சுவரில் வடிகால் துளைகள் விடப்படாவிடின், அது ஒரு மழையில் வயிறு பருத்து மறுமழையில் வெடித்துவிடும். கல்லடுக்குச் சுவரோ தன் இடுக்குகள் அனைத்தாலும் நீரை வடித்துவிட்டு மண்ணை மட்டும் பிடித்து வைக்கின்றது. சரிவில் ஓடும் நீர் மண்ணை அரித்துச் செல்லும். படியில் நின்ற நீர் மண்ணுக்குள் இறங்கும். நீரைப் பகைத்துத் தடுத்தல் அன்று, அதன் விரைவைத் தணித்து வழிவிடுதலே படிநிலத்தின் உயிர்நிலையாகும்.

இத்துணைச் சிறந்த நிலம் எவ்வாறு பாழாயிற்று? பகைவர் படையெடுப்பால் அன்று. 1869-ஆம் ஆண்டில் அண்மை நகரமாகிய லா ஸ்பெசியாவில் கடற்படையின் கப்பற்பட்டறை திறக்கப்பட்டது. 1870-களில் புகைவண்டிப் பாதையும் வந்தது. மலைமேற் கல் சுமந்து பெறும் விளைவினும், பட்டறையில் தவறாது பெறும் ஊதியம் இனிதாயிற்று. அதனை நாடிச் சென்றோரைக் குறை கூறுதற்கில்லை. பசித்த வயிறு எந்நாட்டிலும் ஒன்றே. பின்னர் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பைலோசெரா என்னும் வேர்ப்பேன் அக்கொடிகளைத் தாக்கியது. அமெரிக்காவினின்று 19-ஆம் நூற்றாண்டின் இடையில் ஐரோப்பாவிற் புகுந்து, பிரான்சு தொடங்கி நாடுதோறும் திராட்சத் தோட்டங்களை அழித்துவந்த சிறு பூச்சி அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்த் தொழிற்சாலைகளும் சுற்றுலாவும் எஞ்சிய இளைஞரை ஈர்த்தன. இளையோர் சென்றனர், முதியோர் இருந்தனர், பின்னர் முதியோரும் மறைந்தனர். ஊரையடுத்த படிகள் சில தப்பின. மேற்படிகளை முட்புதரும் பைன் மரங்களும் மூடிக்கொண்டன.

படிநிலம் கைவிடப்பட்டால் அது பழைய மலையாகிவிடும் என்று எண்ணுதல் பிழை. மலைச்சரிவு தன் இயல்பில் நிற்கும். மனிதன் அடுக்கிய மண்ணோ மனிதனின்றி நிற்கமாட்டாது. முதலில் ஒரு கல் நழுவும். அதனை அன்றே எடுத்து வைத்தால் அரைநாழிகை வேலை. வைப்பாரில்லையாயின் அவ்வாயின் வழியே மண் ஒழுகும். வடிகால் தூர்ந்து நீர் தேங்கும். மரவேர் கற்களை நெம்பும். ஒரு படி சரியின் அதன் சுமை முழுதும் கீழ்ப்படியின்மேல் விழும். அது தாங்காது அடுத்ததன்மேல் விழும். 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் பெய்த பெருமழையில் வெர்னாட்சாவும் மொந்தரோசோவும் சேற்றாலும் கல்லாலும் மூடுண்டன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அன்றைய மழை மிகப் பெரியது என்பது உண்மையே. எனினும் பேணுவாரற்ற படிகள் அத்தீங்கினை மிகுவித்தன என்பதும் அறிஞர் கண்ட உண்மை. மேலே கைவிடப்பட்ட நிலம் கீழே வாழ்வார்தம் வாயிலை வந்து தட்டியது.

விவிலியத்தைப் பயின்றோர்க்கு ஏசாயா தீர்க்கதரிசியின் திராட்சத்தோட்டப் பாட்டு ஈண்டு நினைவிற்கு வரலாம். அதனை உவமையாகவே யான் இதுகாறும் கேட்டிருந்தேன். இப்போதோ அதனை வேளாண்மை அறிந்த ஒருவர் பாடிய பாட்டாகவும் காண்கின்றேன். கல் பொறுக்குதலையும் கொடி நடுதலையும் கூறியவர், அழிவைக் கூறுமிடத்து அடைப்பும் சுவரும் நீங்குதலை முன்னும் முள் முளைத்தலைப் பின்னும் வைத்தார். பாலத்தீன நாடும் கல் மலிந்த படிநில நாடே அன்றோ!

அழிவின் பெருமையைக் கண்ட பின்னரே மக்கள் பொருளின் அருமையை உணர்கின்றனர். சிங்குவே தெர்ரே 1997-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பால் உலகப் பாரம்பரியக் களமாகக் கொள்ளப்பட்டது. 1999-இல் தேசியப் பூங்காவாயிற்று. 2018-இல் சாந்தின்றிக் கல்லடுக்கும் கலையும், இத்தாலி, பிரான்சு, கிரேக்கம், சைப்பிரசு, குரோவாசியா, சுலோவீனியா, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகளுக்கும் பொதுவான பண்பாட்டுச் செல்வமாக அவ்வமைப்பின் பட்டியலில் ஏறியது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியோடு மனரோலாவில் படிச்சுவர்களை மீட்கும் திட்டம் ஒன்று தொடங்கிற்று. கல்லடுக்கும் கலையைப் புதியவர்க்குப் பயிற்றுதலும் அதன் ஒரு கூறு. கல் இருந்தது, மண் இருந்தது, பொருளும் வந்தது. முதலில் தேட நேர்ந்ததோ கை. சுவர் விழுவதற்கு நெடுநாள் முன்னரே அதனைத் தாங்கிய கை விழுந்துவிடுகின்றது என்பதே இவ்வரலாறு நமக்குக் காட்டும் முதல் உண்மை.

இனி, பாழ்பட்ட படிநிலத்தை மீட்கும் முறையைக் காண்பாம். ஆர்வமுடையார் பலர் முதலிற் செய்ய விழைவது கொடி நடுதல். அஃது இறுதியிற் செய்யத்தக்கது. முதல் வேலை புதரைக் களைதல். அதனையும் ஒரே நாளில் முற்றக் களைந்துவிடலாகாது. வேரொடு யாவற்றையும் பறித்துவிட்டு மழைக்கு முன் நிலத்தை வெறிதாய் விடின், எஞ்சிய மண்ணும் கடலைச் சேரும். அடுத்தது நீரின் வழியை அறிதல். மழை பெய்யும்போதே குடை பிடித்துச் சென்று, நீர் எங்கே புகுகின்றது, எங்கே தேங்குகின்றது, எங்கே பாய்கின்றது என்று காண்பதினும் சிறந்த அளவை வேறில்லை. பின்னர் வடிகால்களைத் தூர்வாருதல். அதன் பின்னரே சுவர். தாங்குவது கீழ்ப்படியே ஆதலின், பணி கீழிருந்து மேற்செல்லும். சரிந்த கற்களை அடிக்கல், முகப்புக்கல், பிணைப்புக்கல், நிரப்புக்கல் எனத் தரம் பிரித்து வைத்தல் பாதி வேலை. எக்கல்லும் வீணன்று, தனக்குரிய இடம் வாய்க்குமளவும் காத்திருப்பதே அது.

சுவர் எழுந்தபின் மண்ணுக்கு உயிரூட்டல் வேண்டும். பல்லாண்டு கிடந்த மண் இறுகியும் வளம் குன்றியும் இருக்கும். பயறு, அவரை முதலிய இனத்துச் செடிகளை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி மூடாக்கிடின், அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணிற் சேர்க்கும். மூடாக்கு ஈரத்தைக் காக்கும். தொழுவுரமும் மக்கிய உரமும் பின்வரும். இவ்வளவும் ஆனபின், வேர்ப்பேனைத் தாங்கவல்ல அமெரிக்க இனத்து அடிக்கட்டையில் ஒட்டிய உள்ளூர்க் கொடியை நடுவர். முதல் விளைவுக்கு ஏறக்குறைய மூன்றாண்டு செல்லும்.

கடற்கரைச் சரிவு திராட்சைக்கு நன்மையும் தீமையும் ஒருங்கே தருவது. நீர் தேங்காத மண்ணும், சாய்ந்து விழும் வெயிலும், கடலின் அருகாமையால் மட்டுப்பட்ட வெப்பமும் குளிரும் நன்மைகள். உப்புக்காற்றும், ஈரக்காற்றால் வரும் பூஞ்சண நோய்களும் தீமைகள். அதனாலேயே அவ்வூரார் கொடியை உயரப் படர விடாமல், ஆள் குனிந்து புகும் தாழ்ந்த பந்தலில் படர விடுவர். காற்று மேலே செல்லும், கனி கீழே ஒளிந்திருக்கும். பொஸ்கோ, அல்பரோலா, வெர்மெந்தீனோ என்பன ஆங்கு விளையும் இனங்கள். அறுத்த பழத்தை முற்காலத்தில் முதுகிற் சுமந்தனர். இக்காலத்தில் ஒற்றைத் தண்டவாளத்திற் பற்சக்கரத்தால் ஊரும் சிறு பொறிவண்டியும் உதவுகின்றது. 30 விழுக்காட்டிற்கு மேற்பட்ட சரிவிலும் படிநிலத்திலும் செய்யும் இத்தகைய வேளாண்மையை மேனாட்டார் 'வீரத் திராட்சை வேளாண்மை' என்றே அழைக்கின்றனர்.

இத்தகைய சிறு தோட்டங்களை மீட்பார் சிலர் மேற்கொள்ளும் முறை 'பயோடைனமிக்' எனப்படுவது. தமிழில் இதனை உயிராற்றல் வேளாண்மை என்பர். ஆஸ்திரிய நாட்டு அறிஞர் ருடால்ஃப் ஸ்டைனர் 1924-ஆம் ஆண்டு சூன் மாதத்தில், அன்று செருமனியிலும் இன்று போலந்திலும் உள்ள கோபர்விட்சு என்னும் ஊரில் ஆற்றிய எட்டுச் சொற்பொழிவுகளே இதன் தோற்றம். பண்ணை முழுதும் ஓருயிர். கால்நடையும் பயிரும் மண்ணும் அதன் உறுப்புகள். உரம் வெளியினின்று வாங்கப்படாமல் உள்ளிருந்தே எழல் வேண்டும் என்பது அதன் கருத்து. 1928 முதல் 'டெமெட்டர்' என்னும் முத்திரை இம்முறையில் விளைந்த பொருள்களுக்கு வழங்கப்பட்டு வருகின்றது.

இம்முறையின் தனி அடையாளம் கொம்பு சாண உரம். கறவைப் பசுவின் சாணத்தைப் பசுங்கொம்பினுள் அடைத்துக் குளிர்காலம் முழுதும் மண்ணிற் புதைத்து வைப்பர். எடுத்தபின் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 25 கிராம் அளவே நீரிற் கரைத்து, ஒரு மணி நேரம் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழற்றி, மாலையில் மண்ணில் தெளிப்பர். பளிங்குக்கல் பொடியை அடைத்துச் செய்யும் கொம்பு சிலிக்கா உரம் இலைமேல் தெளிப்பது. சில மூலிகைகளைத் தொழுவுரக் குவியலில் இடுதலும், திங்களின் நிலையை நோக்கி விதைத்தலும் உண்டு. பூஞ்சணத்தைத் தடுக்க மேனாட்டார் குதிரைவாற்புல் என்னும் செடியைக் காய்ச்சித் தெளிக்க, அது கிட்டாத நம் நாட்டார் நம் கடற்கரை எங்கும் வளரும் சவுக்கின் இலையைக் காய்ச்சித் தெளிக்கின்றனர். இந்நாட்டில் இம்முறையைப் பரப்பும் சங்கம் கோடைக்கானல் மலையினின்று பணியாற்றி வந்துள்ளது. நியூசிலாந்தினரான பீட்டர் புராக்டர் 1990-கள் முதல் பலமுறை இந்தியா போந்து உழவர்க்கு இதனைப் பயிற்றினார்.

இவற்றுள் எது மெய், எது நம்பிக்கை மட்டும் என்று ஆராய்தல் மாணவர் கடன். சுவிட்சர்லாந்தில் 1978-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வொன்றின் முடிவு 2002-இல் வெளிவந்தது. இயற்கை முறையிலும் உயிராற்றல் முறையிலும் விளைவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது, ஆயின் உரச்செலவு அதனினும் மிகுதியாகக் குறைந்தது, மண்ணுயிர்கள் பெருகின. மற்று, கலிபோர்னியாவில் திராட்சத் தோட்டம் ஒன்றில் இரு பகுதிக்கும் ஒரே வகைப் பேணுதல் அளித்து, ஒன்றற்கு மட்டும் மேற்கூறிய தனி உரங்களையும் இட்டு ஆராய்ந்து, 2005-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆறாண்டுகளில் மண்ணின் தரத்தில் வேற்றுமை காணப்படவில்லை. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின், மண்ணை வளர்ப்பன தொழுவுரமும் மூடாக்கும் இடைவிடாத கண்காணிப்புமே என்று கொள்ளுதல் பொருந்தும். கொம்பின் ஆற்றல் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் ஒரு மணி நேரம் நீரைச் சுழற்றி, மாலையில் படிதோறும் நடந்து தெளிக்கும் உழவன், நழுவிய கல்லையும் வாடிய இலையையும் அன்றே காண்கின்றான் அன்றோ! அந்நடைக்குப் பயன் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள், நமக்கென்ன என்று வினவுவார் உளராயின், அவரைப் புதுச்சேரிக் கடற்கரைக்கு அழைக்கின்றேன். அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. புறநானூற்றின் 56-ஆம் பாட்டிலும் யவனர் கொணர்ந்த மதுவை நக்கீரர் குறிக்கின்றார். அக்கடற்கரைத் திராட்சைக்கும் இக்கடற்கரைக்கும் தொடர்பு புதிதன்று.

புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் அமைந்த மேட்டுநிலம், 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அந்நகர்க்கு அடிகோலியபோது, மரம் அருகிய செம்மண் வெளியாகக் கிடந்தது. பழங்காடு அழிந்தமையால், மழைதோறும் மேல்மண் ஓடைகளை அறுத்துக்கொண்டு வங்கக் கடலை அடைந்தது. ஆங்குக் குடியேறியோரும் சுற்றூர்த் தமிழ் உழைப்பாளரும் கூடிச் செய்த முதல் வேலை, சரிவுக்குக் குறுக்கே மண்வரப்புகள் எழுப்பி, ஓடைகளில் சிற்றணைகள் கட்டி, மழைநீரை விழுந்த இடத்திலேயே நிறுத்தியது. வறட்சி தாங்கும் விரைவு மரங்களை முன்னர் நட்டனர். அவற்றின் நிழலில், இக்கடற்கரைக்கே உரிய என்றும் பசுமை மாறாக் காட்டின் மரங்களைப் பின்னர் வளர்த்தனர். இங்குத் திராட்சை இல்லை, கற்படியும் இல்லை. ஆயினும் முறை ஒன்றே. முன்னர் நீர், பின்னர் மண், அதன்பின் பயிர். இம்முறையை மாற்றியவர் யாண்டும் தோற்றனர்.

திராட்சையைத்தான் காண வேண்டும் என்பார் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிற்குச் செல்க. ஆங்கு விளையும் பன்னீர் திராட்சை, பிரெஞ்சுக் குருவானவர் ஒருவரால் 1832-இல் தமிழ்நாட்டிற்குக் கொணரப்பட்டது என்பது வழங்கிவரும் செய்தி. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர்நாட்டில் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். நம் நாட்டு வெயிலில் அது உறங்குவதில்லை. ஆதலின் நம் உழவர் கவாத்து செய்து அதற்கு ஓய்வையும் விழிப்பையும் தாமே வகுத்தளிக்கின்றனர். ஆண்டில் இருமுறை கவாத்து செய்தலால் விளைவும் ஒருமுறையோடு நிற்பதில்லை. கல்தூண் பந்தலும், மயில்துத்தமும் சுண்ணமும் கலந்த போர்டோக் கலவையும் அங்கு நாட்பட்ட வழக்கம். அயல்நாட்டுக் கொடி இம்மண்ணின் குடியாகிவிட்டது. அயல்நாட்டு அட்டவணையை மட்டும் அது ஏற்கவில்லை. பிறநாட்டு முறையைக் கற்பார் அனைவரும் நினைவில் வைக்கத்தக்க பாடம் இது.

தாமலில் திராட்சை நடுக என்று யான் கூற வரவில்லை. எம்மூர்க்கு மலையுமில்லை, கடலுமில்லை. ஆயின் ஏரிக்கரை உண்டு. அதுவும் மனிதன் எழுப்பிய மண். அதுவும் மனிதனின்றி நில்லாதது. இதனை நன்கறிந்த நம் முன்னோர், எம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஏரிக்கென்றே ஒரு வாரியத்தைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையைப் பொறித்து வைத்தனர். ஏரியை வெட்டுதல் ஒருநாட் செயல். பேணுதல் ஆண்டுதோறும் செய்யத்தக்க செயல் என்பதே அக்கல்வெட்டின் உட்பொருள்.

தறியும் அத்தகையதே. கோர்வை நெசவுக்குத் தறியில் இருவர் வேண்டும். ஒருவர் நெய்ய, மற்றவர் கரையின் நாடாவை வாங்கிக் கொடுத்தல் வேண்டும். எம் இல்லத்தில் பாட்டனார் அருகில் அவ்விரண்டாம் இடத்தில் அமர்ந்தவன் சிறுவனாயிருந்த யானே. யான் கல்லூரி புகுந்த ஆண்டில் அவ்விடம் வெறுமையாயிற்று. பாட்டனார் அதன்பின் கோர்வை நெய்யவில்லை. கரையையும் உடலையும் ஒன்றாகவே நெய்யும் எளிய சேலைகளையே நெய்கின்றார். ஒரு நாளும் அவர் இதனைக் குறையாக எனக்குக் கூறியதில்லை. லா ஸ்பெசியாவின் பட்டறைக்குச் சென்ற இளைஞரைப் பற்றிப் படித்தபோதுதான் அவ்வெற்றிடம் என் கண்முன் வந்தது. கற்கச் சென்றது தவறென்று யான் எண்ணவில்லை. ஆனால் ஓரிடத்தை விட்டு எழுவோன், தான் எழுந்தமையால் அங்கு எது சரியத் தொடங்குகின்றது என்பதையேனும் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

அக்கிணற்றின் கதையைக் கூறி முடிக்கின்றேன். பாட்டனார் குறித்த முதியவர் வந்தார். சிமெண்டு உறை இறக்கிவிடலாம் என்று அயலார் சிலர் கூறியதைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, உறை நீரை உள்ளே விடாது. கல் விடும், விட்டால்தான் கிணறு" என்றார். பார்வை மங்கியவராயினும் கல்லைக் கையால் தடவியே அதன் முகம் எது, முதுகு எது என்று சொன்னார். பன்னிரண்டு நாள் யான் கல் எடுத்துக் கொடுக்க, அவர் அடுக்கினார். பதின்மூன்றாம் நாள் அவர் மேலே அமர்ந்துகொண்டு, "இனி நீ வை" என்றார். யான் வைத்த முதற் கல் ஆடிற்று. எடுக்கச் சொன்னார். இரண்டாம் முறையும் ஆடிற்று. மூன்றாம் முறை அதனைத் திருப்பி வைத்தேன், அமர்ந்தது. அவர் ஒன்றும் கூறாமல் அடுத்த கல்லைச் சுட்டினார்.

சுவர் இன்னும் ஒரு முழ உயரம் எழ வேண்டியுள்ளது. வரும் விடுமுறையில் அதனை முடித்துவிட்டு, நிலத்திற் பயறு விதைக்க எண்ணியுள்ளேன். தறியில் என் பழைய இடத்தையும் பாட்டனாரிடம் கேட்டு வைத்திருக்கின்றேன்.